சொந்த நாட்டில் மனைவியுடன் வாழ உரிமை இல்லையா? டென்மார்க்கும் பிரிட்டனும் சொல்லும் பாடம்

2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம். டென்மார்க் குடிமகன் ஒருவர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு கடலுக்கு அக்கரையில் உள்ள ஸ்வீடனின் மால்மோ நகரில் குடியேறினார். டென்மார்க்கை வெறுத்து அவர் வெளியேறவில்லை. குடியேறிய பிறகும் அவருக்கு வேலை டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில்தான். ஒவ்வொரு நாளும் நாட்டு எல்லையைக் கடந்து வேலைக்குப் போய், இரவு இன்னொரு நாட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினார். காரணம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய மனைவி கானா நாட்டவர். அவரை உள்ளே விட டென்மார்க் மறுத்துவிட்டது. பக்கத்து நாடு அனுமதித்தது.

டோகோவில் பிறந்து கானாவில் வளர்ந்த அந்த மனிதரின் பெயரில்தான் 'பியாவோ எதிர் டென்மார்க்' என்ற வழக்கு பின்னாளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. அது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. வேறு நாட்டுக் குடியுரிமை கொண்ட ஒருவரை மணந்ததற்காகச் சொந்த நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை. பிள்ளைகளை வெளிநாட்டுச் சம்பந்தங்களில் மணமுடித்து அனுப்பும் நம் சமூகம் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

24 வயதும் நான்கு நிபந்தனைகளும்

2001 நவம்பர் தேர்தலில் டென்மார்க்கில் வலதுசாரி அரசு ஆட்சிக்கு வந்தது. குடியேற்ற எதிர்ப்பையே அரசியலாக வைத்திருந்த டேனிஷ் மக்கள் கட்சியின் ஆதரவில் அந்த அரசு நின்றது. அடுத்த ஆண்டு, 2002 ஜூலை முதல் தேதி, குடும்ப இணைவுச் சட்டம் அடியோடு மாறியது.

முதல் நிபந்தனை வயது. கணவன், மனைவி இருவருக்கும் 24 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டாவது, இருவருக்கும் சேர்த்து மற்ற எந்த நாட்டையும் விட டென்மார்க்கோடுதான் அதிகப் பிணைப்பு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். மூன்றாவது, வங்கியில் 50 ஆயிரம் குரோனர் உத்தரவாதமாகக் கட்ட வேண்டும். நான்காவது, வீடு குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது நிபந்தனை. அதுவரை வெளிநாட்டவருக்கு மட்டும் இருந்த அந்தப் பிணைப்பு நிபந்தனை, 2002இல் டென்மார்க் குடிமக்களுக்கும் விரிக்கப்பட்டது. அதாவது, கையில் டென்மார்க் பாஸ்போர்ட் வைத்திருப்பவரே 'எனக்கு இந்த நாட்டோடு போதுமான தொடர்பு இருக்கிறது' என்று தன் அரசிடம் நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது.

கட்டாயத் திருமணங்களைத் தடுக்கவே இந்த வயது வரம்பு என்றது அரசு. கட்டாயத் திருமணம் என்ற பிரச்சினையே இல்லை என்று நாம் சொல்ல முடியாது. படிக்கும் பெண்ணை விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துவந்து, அவள் மனதைக் கேட்காமல் நிக்காஹ் முடித்து அனுப்பும் குடும்பங்கள் நம்மிலும் உண்டு. பெண்ணின் சம்மதம் இல்லாத நிக்காஹை மார்க்கம் ஏற்பதில்லை என்பதை நாம்தான் முதலில் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தத் தவறைத் தடுக்க எல்லா இளம் தம்பதிகளையும் பிரித்து வைப்பது சரியா? இதே காரணத்தைச் சொல்லி பிரிட்டனும் 2008இல் வாழ்க்கைத் துணைக்கான விசா வயதை 21ஆக உயர்த்தியது. சிலி நாட்டு இளைஞர் ஒருவரும் அவருடைய பிரிட்டிஷ் மனைவியும் அதனால் நாட்டை விட்டு வெளியேறி முதலில் சிலிக்கும் பிறகு அயர்லாந்துக்கும் போனார்கள். அவர்களுடைய திருமணத்தில் கட்டாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2011 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த விதி குடும்ப வாழ்க்கை உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. டென்மார்க்கின் 24 வயது விதியோ இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பாலத்தைக் கடந்தால் கிடைக்கும் உரிமை

டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. கோபன்ஹேகனுக்கும் மால்மோவுக்கும் இடையே ரயிலில் சுமார் 35 நிமிடம்தான். இரு நகரங்களின் பொருளாதாரத்தையும் இணைக்கக் கட்டப்பட்ட பாலம், 2002க்குப் பிறகு வெளிநாட்டுத் துணையை மணந்த டென்மார்க் குடிமக்களின் தப்பிக்கும் வழியாக மாறியது. மால்மோவில் வாடகைக்கு வீடு, கோபன்ஹேகனில் வேலை என்று அவர்கள் வாழத் தொடங்கினார்கள்.

இது எப்படிச் சாத்தியம்? ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி, ஓர் உறுப்பு நாட்டின் குடிமகன் இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போய் வாழும்போது தன் வாழ்க்கைத் துணையையும் அழைத்துச் செல்லலாம். துணை எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. அவருக்கு வேலையோ, தன்னைப் பார்த்துக்கொள்ளும் வசதியோ இருந்தால் போதும். 24 வயதும் கிடையாது, பிணைப்பு நிபந்தனையும் கிடையாது.

ஆனால் அதே குடிமகன் தன் சொந்த நாட்டிலேயே இருந்தால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. உள்நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். ஆகவே கோபன்ஹேகனில் வேலை செய்யும் ஒரு ஜெர்மானியர் இந்தியாவிலிருந்து தன் மனைவியை அழைத்துவரலாம். அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் டென்மார்க் குடிமகனால் முடியாது. அந்நியருக்குக் கிடைக்கும் உரிமை சொந்தக் குடிமகனுக்குக் கிடைக்காத விசித்திரம் இது.

இந்த வழியைத் திறந்துவிட்ட வழக்குக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுரிந்தர் சிங் என்ற இந்தியர் பிரிட்டிஷ் பெண் ஒருவரை மணந்தார். இருவரும் சில ஆண்டுகள் ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். இன்னொரு உறுப்பு நாட்டில் வேலை செய்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் குடிமகனின் துணைக்கும் ஐரோப்பிய உரிமை தொடரும் என்று 1992 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 'சுரிந்தர் சிங் வழி' என்பது குடியேற்ற வழக்கறிஞர்களிடம் புழங்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. 2008 ஜூலையில் வந்த மெட்டாக் தீர்ப்பு இந்த உரிமையை மேலும் உறுதிப்படுத்தியபோது டென்மார்க் அரசியலில் பெரும் சலசலப்பு எழுந்தது.

28 ஆண்டு விதி யாருக்காக?

கடுமையான சட்டம் வந்ததும் எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. வெளிநாடுகளில் வேலைக்குப் போய் அங்கே மணமுடித்த டென்மார்க் பூர்வீகத்தவர்கள், 'எங்கள் மனைவியோடு நாங்கள் ஊர் திரும்ப முடியவில்லையே' என்று குரல் கொடுத்தார்கள். அரசு உடனே காது கொடுத்தது. 28 ஆண்டுகள் டென்மார்க் குடிமகனாக இருந்தவருக்குப் பிணைப்பு நிபந்தனை தேவையில்லை என்ற விலக்கு 2004 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் இனமோ மதமோ எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறவியிலேயே குடியுரிமை பெற்றவர் 28 வயதில் விலக்குப் பெறுவார். பியாவோ 2002இல்தான் குடியுரிமை பெற்றார். அவர் 2030 வரை, அதாவது தன் 59ஆவது வயது வரை காத்திருக்க வேண்டும். ஒரே பாஸ்போர்ட் வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்கு இளமையிலும் மற்றவருக்கு முதுமையிலும் குடும்ப வாழ்க்கை.

டென்மார்க் உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருடைய மனுவைத் தள்ளியது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் சிறு அமர்வும் 2014இல் அதே நான்குக்கு மூன்று கணக்கில் அரசின் பக்கம் நின்றது. கடைசியில் 2016 மே 24 அன்று பேரமர்வு 12க்கு 5 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பை மாற்றியது. அந்த விதி, பிற இனப் பூர்வீகம் கொண்ட குடிமக்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என்று அறிவித்தது. தம்பதி மால்மோவுக்குப் போய் 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

வெற்றிக்குப் பின் நடந்ததுதான் முக்கியம். எல்லாக் குடிமக்களுக்கும் விலக்கைக் கொடுத்துப் பாகுபாட்டைப் போக்கியிருக்கலாம். டென்மார்க் செய்தது, விலக்கையே எடுத்துவிட்டது. பிறகு 2018 ஜூலையில் பிணைப்பு நிபந்தனையின் இடத்தில் மொழி, கல்வி, வேலை அனுபவம் ஆகியவற்றை அளக்கும் 'ஒருங்கிணைப்பு நிபந்தனை' வந்தது. 1985இல் பிரிட்டனும் இதைத்தான் செய்தது. ஆண்கள் மனைவியை அழைத்துவர எளிதாகவும், பெண்கள் கணவனை அழைத்துவரக் கடினமாகவும் இருந்த விதியைப் பாகுபாடு என்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் சொன்னது. பிரிட்டன் ஆண்களுக்கும் விதியைக் கடினமாக்கி 'சமத்துவத்தை' நிலைநாட்டியது.

1985ஆம் ஆண்டின் அந்த அப்துல்அஜீஸ் தீர்ப்பிலேயே இன்னொரு கருத்தும் இருந்தது. தம்பதிகள் எந்த நாட்டில் வாழ விரும்புகிறார்களோ அதை ஏற்க வேண்டிய பொதுவான கடமை அரசுக்கு இல்லை என்பதே அது. 'நீங்கள் சேர்ந்து வாழலாம், ஆனால் வேறு எங்காவது போய் வாழுங்கள்' என்று அரசுகள் இன்றும் சொல்வது இந்த அடிப்படையில்தான்.

தமிழர்களுக்காகக் கவிழ்ந்த அரசு

குடும்பங்களைப் பிரிக்கும் அரசியலில் டென்மார்க்குக்கும் தமிழர்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி அங்கே தஞ்சமடைந்த தமிழர்கள் தங்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார்கள். சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன் 1987இல் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார்.

விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானதும் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பதவி விலக நேர்ந்தது. 1995இல் பதவிக் குற்ற விசாரணை நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. அமைச்சர்களை விசாரிக்கும் அந்தத் தனி நீதிமன்றம் அடுத்துக் கூடியது 2021இல். அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றவர் முன்னாள் குடியேற்ற அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர். ஒருவருக்கு 18 வயது நிறையாத புகலிடத் தம்பதிகளைத் தனித்தனியாக விசாரிக்காமல் ஒட்டுமொத்தமாகப் பிரிக்க 2016இல் உத்தரவிட்டதற்காக அவருக்கு 60 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. 1910க்குப் பிறகு அந்த நீதிமன்றம் தண்டித்த இரண்டு அமைச்சர்களும் குடும்பங்களைப் பிரித்து வைத்ததற்காகவே தண்டிக்கப்பட்டார்கள்.

சட்டத்தை மீறிப் பிரித்தால் அமைச்சருக்கும் தண்டனை உண்டு என்பது டென்மார்க்கின் பெருமை. சட்டத்தையே மாற்றிப் பிரித்தால் கேட்பாரில்லை என்பது அதன் மறுபக்கம்.

பிரிட்டன்: அன்புக்கு 29 ஆயிரம் பவுண்டு

டென்மார்க் வயதையும் பிணைப்பையும் அளந்தது என்றால், பிரிட்டன் சம்பளத்தை அளக்கிறது. 2012 ஜூலையில், வெளிநாட்டுத் துணையை அழைத்துவர பிரிட்டிஷ் குடிமகனுக்கு ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் வேண்டும் என்ற விதி வந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29 ஆயிரம் பவுண்டு. வெளிநாட்டில் இருக்கும் துணை அங்கே எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அது கணக்கில் வராது. வருமானமே இல்லையென்றால் 88,500 பவுண்டு சேமிப்பு காட்ட வேண்டும். இவற்றோடு விசா கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் தனி.

யார் பாதிக்கப்படுகிறார்கள்? கடையிலும் உணவகத்திலும் முதியோர் பராமரிப்பிலும் வேலை செய்பவர்கள். லண்டனுக்கு வெளியே குறைந்த கூலி வாங்குபவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பகுதி நேர வேலை செய்யும் பெண்கள். தாயோ தந்தையோ கணினித் திரையில் மட்டும் தெரியும் பிள்ளைகளைப் பற்றி இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2015இலேயே அறிக்கை வெளியிட்டார். 2017இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்று கண்டித்தது. ஆனால் வருமான வரம்பு என்ற கொள்கையைச் சட்டவிரோதம் என்று சொல்லவில்லை.

முன்பு இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு சுரிந்தர் சிங் வழி இருந்தது. அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய் வேலை செய்துவிட்டுத் திரும்பலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதோடு அந்தக் கதவு மூடத் தொடங்கியது. ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அவகாசமும் 2022 மார்ச் 29 அன்று முடிந்துவிட்டது. மால்மோவுக்குப் போகும் பாலம் டென்மார்க் குடிமகனுக்கு இன்னும் இருக்கிறது. பிரிட்டிஷ் குடிமகனுக்கு அப்படியொரு பாலம் இல்லை. வெளிநாட்டவரைக் கட்டுப்படுத்துவதற்காக விலகினோம் என்றவர்கள், சொந்தக் குடிமக்களின் குடும்ப உரிமையையும் சேர்த்து இழந்தார்கள்.

பாஸ்போர்ட்டின் நிறம் மற்ற நாடுகளிலும் பேசுகிறது. துணையாக வருபவர் முன்கூட்டியே மொழித் தேர்வில் தேற வேண்டும் என்று நெதர்லாந்து 2006லும் ஜெர்மனி 2007லும் விதி கொண்டுவந்தன. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாட்டவருக்கு இதில் விலக்கு. மொராக்கோ, பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் மருமகளுக்கு விலக்கு இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் விதிவிலக்கல்ல. இந்தியரை மணந்த வெளிநாட்டவர், பதிவான திருமணம் இரண்டு ஆண்டுகள் நீடித்த பிறகு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவரோ, அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டியோ எப்போதாவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடியுரிமை பெற்றிருந்தால் அந்த அட்டை கிடையாது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தானியர்களின் விசாக்கள் ரத்தானபோது, இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த தாய்மாரும் பாகிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருந்த பிள்ளைகளும் அட்டாரி எல்லையில் பிரிந்து நின்றதைப் பார்த்தோம்.

நிக்காஹுக்கு முன் கேட்க வேண்டியவை

நம் வீடுகளில் மாப்பிள்ளை லண்டன் என்றால் குடும்பம், தொழுகை, வேலை எல்லாம் விசாரிக்கிறோம். விசா பற்றி 'அதெல்லாம் கிடைத்துவிடும்' என்ற ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்கிறோம். நிக்காஹ் முடிந்து ஒரு மாதத்தில் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். பெண் தாய் வீட்டில் காத்திருக்கிறாள். ஊரார் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுமையும் அவளுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும்தான்.

ஆகவே பேச்சு நடக்கும்போதே சிலவற்றைக் கேட்பதில் தவறில்லை. அழைத்துச் செல்பவரின் ஆண்டு வருமானம் வரம்பைத் தொடுகிறதா? அதற்கான ஆறு மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் இருக்கின்றனவா? அந்த நாட்டில் அவருக்கு இருப்பது குடியுரிமையா, நிரந்தர வதிவிடமா, வேலை விசாவா? வயது வரம்பு உண்டா? பெண் எழுத வேண்டிய மொழித் தேர்வு எது? விண்ணப்பம் மறுக்கப்பட்டால் இருவரும் எங்கே வாழ்வார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத சம்பந்தத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதே நல்லது.

அடுத்து, பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரின் திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். ஜமாஅத் பதிவேட்டில் இருப்பதே போதும் என்று இருந்துவிடக் கூடாது. இலங்கையில் பதிவு இல்லை என்பதாலேயே நிக்காஹ் செல்லாததாகிவிடாது என்றாலும், தூதரகம் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான். பிரிட்டனுக்குள் நடக்கும் நிக்காஹ் தனியாகச் சட்டப்படி பதிவு செய்யப்படாவிட்டால் அது அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் திருமணமே அல்ல என்று 2020இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளை உறவு முறிந்தால் ஜீவனாம்சமும் சொத்தும் கேட்க முடியாமல் நிற்பது பெரும்பாலும் பெண்தான்.

இவை குடும்பங்கள் செய்ய வேண்டியவை. அரசுகள் செய்ய வேண்டியது வேறு. எல்லையைக் காப்பது அரசின் உரிமை. போலித் திருமணங்களைக் கண்டுபிடிப்பதும் அதன் கடமை. ஆனால் உண்மையான திருமணம் என்று தெரிந்த பிறகும், வயதையும் சம்பளத்தையும் பூர்வீகத்தையும் காட்டி ஒரு குடிமகனைப் பார்த்து 'உன் மனைவி வேண்டுமா, உன் நாடு வேண்டுமா' என்று கேட்பது நியாயமாகாது. அப்படிக் கேட்கப்படும் குடிமகன் அந்த நாட்டில் எத்தனை ஆண்டு வரி கட்டியிருந்தாலும் இரண்டாம் தரக் குடிமகன்தான். 2016 தீர்ப்பு அந்தக் கேள்வியின் ஒரு வடிவத்தை மட்டுமே தடுத்தது. மற்ற வடிவங்கள் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றை எதிர்த்துப் பேசும் அமைப்புகளோடும் வழக்கறிஞர்களோடும் நிற்க வேண்டிய பொறுப்பு, அந்த நாடுகளில் வாக்குரிமை பெற்று வாழும் நம் சகோதர சகோதரிகளுக்கு இருக்கிறது.